35 பென்ஸுக்கு ஓர் ஆயுள்

கல்லாவிலிருந்து எடுத்தது 35 பென்ஸ். அதுவும் கடைத் தரையிலேயே கிடந்தது என்று பிறகு தெரிந்தது. கிடைத்தது, ஆயுள் தண்டனை!

1966, இங்கிலாந்து. ராபர்ட் வீக்ஸுக்கு 17 வயது. அம்மாவிடம் 3 பவுண்டு கடன். அன்று காலைதான் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். பயல் நேரே நாய்க்குட்டி, மீன் எல்லாம் விற்கும் ஒரு கடைக்குப் போய்த் துப்பாக்கியை நீட்டினான். நிஜத் துப்பாக்கி இல்லை. ஓட்டப்பந்தயம் தொடங்கச் சுடுவார்களே, அது. உள்ளே வெற்றுத் தோட்டா. அன்றைக்கே போலீஸுக்குப் போன் போட்டு, சரணடைகிறேன் என்றும் சொல்லிவிட்டான். பிடிக்க வந்தவர்களோடு நடந்த இழுபறியில்தான் துப்பாக்கி வெடித்தது.

இதற்கா ஆயுள் என்கிறீர்களா? நீதிபதியின் கணக்கே வேறு. இவன் ஆபத்தானவன், எப்போது திருந்துவான் என்று சொல்ல முடியாது. ஆயுள் என்று போட்டுவைத்தால், திருந்தியதும் உள்துறை அமைச்சர் விட்டுவிடலாமே! தயவு என்று நினைத்துத்தான் செய்தார். அந்தத் தயவில் பையன் உள்ளே கழித்தது சுமார் 10 வருடம்.

நம்மூரில் பரோல் என்றால் கல்யாணம், சாவு என்று சில நாள் லீவு. அங்கே பரோல் என்பது நிபந்தனையோடு விடுதலை. 1976-ல் வீக்ஸை அப்படி விட்டார்கள். 1977 ஜூனில் மறுபடி உள்ளே போட்டார்கள்.

சரி, அப்பீல்? அங்கேதான் சிக்கல். பரோல் வாரியம் முடிவெடுப்பது கோப்பைப் பார்த்து. அந்தக் கோப்பில் தனக்கு எதிராக என்ன எழுதியிருக்கிறது என்று கைதிக்கு முழுசாகக் காட்ட மாட்டார்கள். விடுதலை மறுத்தால் காரணமும் கிடையாது. ஓர் ஆயுள் கைதி இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனபோது, காரணம் சொல்லத் தேவையில்லை என்றே 1981-ல் தீர்ப்பானது. சொன்னது, பெரிய புரட்சிக்கார நீதிபதி என்று பெயரெடுத்த டென்னிங் பிரபு! ஒரு பேங்க் லோனை மறுத்தால்கூட ஏன் என்று கேட்போம் இல்லையா?

வீக்ஸ் விடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 1987 மார்ச்சில் தீர்ப்பு. உள்ளே போட்டது தப்பில்லையாம். ஆனால், அதைக் கேள்வி கேட்க ஒழுங்கான வழி வைக்காதது தப்பு. பிரிட்டன் அசைந்து கொடுத்து, 1991-ல் சட்டம் போட்டது. அவரைப் போன்ற ஆயுள் கைதிகளுக்கு வாரியத்தின் முன் நேரடி விசாரணை வந்தது. கொலைக் கைதிகளுக்கு 2002 வரை ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த கதவைத் திறந்தது கைதிகளே அல்ல. பெண்களைச் சீரழித்த வொர்பாய்ஸ் என்ற டாக்ஸி டிரைவரை விடுவிக்க வாரியம் முடிவெடுத்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் கோர்ட்டுக்குப் போக, 2018 மார்ச்சில் அந்த முடிவு ரத்தானது. நாடே கொதித்ததில், 2019 ஜூலையில் மறுபரிசீலனை முறை ஒன்று வந்தது. அமைச்சர் கேட்கலாம். கூடவே, கைதியும் கேட்கலாம்.

முடிவு தெரிந்த 21 நாளுக்குள் மனு போட வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் போதாது. நடைமுறை நியாயமாக இல்லை, அல்லது அறிவுக்கே பொருந்தாத முடிவு என்று காட்டியாக வேண்டும். 2022-ல் சட்டப் பிழையையும் சேர்த்தார்கள். படித்துப் பார்ப்பவர்? அதே வாரியத்தில் இருக்கும் இன்னோர் உறுப்பினர்தான்.