தியேட்டர் வாசலில் ஒரு கோடு

1977 மார்ச் 14. நெருக்கடிநிலை இன்னும் விலக்கப்படவில்லை. இரண்டு நாளில் பொதுத்தேர்தல் வாக்குப்பதிவு தொடங்கப்போகிறது. நாடே வேறு கவலையில் இருந்த அந்த நாளில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. கேள்வி எளிமையானது: சினிமாப் பாட்டு யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா, மெட்டுப் போட்டவருக்கா, படத்துக்குக் காசு போட்டவருக்கா?

காசு போட்டவருக்கு என்றது நீதிமன்றம். அடுத்த முப்பத்தைந்து வருடம் இந்தியாவின் எல்லா மொழிப் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் இந்த ஒரு தீர்ப்பின் நிழலில்தான் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் அதே தீர்ப்பின் கடைசியில் ஒரு நீதிபதி சில பத்திகள் சேர்த்து எழுதினார். அதை அவரே அடிக்குறிப்பு என்றுதான் அழைத்தார். எனக்கு அந்த அடிக்குறிப்புதான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் வழக்கின் கதையைப் பார்த்துவிடுவோம்.

1969இல் இந்தியன் பெர்ஃபாமிங் ரைட் சொசைட்டி (ஐ.பி.ஆர்.எஸ்.) தொடங்கப்பட்டது. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், இசைப் பதிப்பாளர்கள் சேர்ந்த அமைப்பு. பொது இடத்தில் பாட்டு ஒலித்தால் கட்டணம் வாங்கி உரியவருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். கட்டணப் பட்டியலை வெளியிட்டார்கள். தயாரிப்பாளர் சங்கங்களும் திரையரங்கு உரிமையாளர் சங்கமும் கொதித்து எழுந்தன. நாங்கள்தானே சம்பளம் கொடுத்து எழுத வைத்தோம், பிறகு எங்களிடமே எதற்குக் கட்டணம் என்பது அவர்கள் வாதம். 1973இல் காப்புரிமை வாரியம் கலைஞர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1974இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 1977இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தை ஆமோதித்தது.

தயாரிப்பாளருக்குப் பலமாக நின்றது 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் உள்ள 17ஆவது பிரிவு. ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர்தான் என்று அந்தப் பிரிவு தொடங்குகிறது. உடனே விதிவிலக்குகள் வரிசையாக வருகின்றன. காசு கொடுத்து ஒருவர் சொல்லி எடுக்கப்பட்ட திரைப்படம் என்றால், எடுக்கச் சொன்னவர் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாகப் படைத்தது என்றால், முதலாளி முதல் உரிமையாளர். படம் என்றால் அதன் ஒலித்தடமும் சேர்த்துத்தான். ஆகவே மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, பாட்டு படத்தோடு தயாரிப்பாளருக்குப் போய்விடும்.

இந்த 17(சி) பிரிவோடு எனக்குத் தினசரிப் பழக்கம் உண்டு. மென்பொருள் வேலையில் சேரும் எல்லோருக்கும் உண்டு. முதல் நாளே நீட்டப்படும் ஒப்பந்தத்தில், நீ எழுதும் ஒவ்வொரு வரி நிரலும் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு பத்தி இருக்கும். நாம் யாரும் அதைப் படித்துக் கண்ணீர் விடுவதில்லை. அப்புறம் ஏன் பாடலாசிரியருக்கு மட்டும் தனி நியாயம்? நண்பர்கள் நிறையப் பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

எனக்குத் தெரிந்த பதில் இது. எனக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது. வைப்பு நிதி பிடிக்கிறார்கள். நான் எழுதிய நிரல் ஐந்து வருடத்தில் செத்துப்போகும், அதற்குள் வேறொருவர் அதை அழித்து எழுதியிருப்பார். அதில் என் பெயரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. பாட்டு அப்படியில்லை. படம் மூன்றே நாளில் பெட்டிக்குள் போயிருக்கும், பாட்டு நாற்பது வருடம் கழித்தும் டீக்கடையில் ஓடும். எழுதியவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு தடவை ஒரு தொகை. மாதச் சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. ஊழியருக்குரிய எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், ஊழியரிடமிருந்து எடுத்துக்கொள்வதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அடிக்குறிப்புக்கு வருவோம். எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். முடிவோடு அவர் உடன்பட்டார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய என்ற தொனி. ஆனால் இரண்டு விஷயங்களைச் சொன்னார்.

ஒன்று, பாடுபவரைப் பற்றி. அன்றைய சட்டத்தில் இசைப் படைப்பு என்றால் அச்சிலோ எழுத்திலோ குறிக்கப்பட்ட மெட்டு. நம் ஊரில் ஒரு ராகத்துக்கு உயிர் கொடுப்பது தாளில் உள்ள குறிப்பா, பாடுகிறவரின் தொண்டையா? மேற்கத்தியச் சட்டத்தை அப்படியே எடுத்துப் போட்டதால் பாடகருக்கு இங்கே எந்த உரிமையும் இல்லாமல் போனது, நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவதுதான் நுட்பமானது. தயாரிப்பாளருக்குப் படத்தைப் படமாகக் காட்ட முழு உரிமை உண்டு. ஆனால் படத்திலிருந்து பாட்டைப் பிய்த்தெடுத்துத் தனியாக ஒலிபரப்பினால், உணவகமோ விமானமோ வானொலியோ, அங்கே இசையமைப்பாளரின் உரிமை விழித்துக்கொள்கிறது என்றார். 17ஆவது பிரிவின் விதிவிலக்கு குறுக்கே வராவிட்டால், படத்தின் உரிமைக்குள் பாட்டின் உரிமை மூழ்கிவிடாது. தியேட்டர் வாசலில் அவர் ஒரு கோடு கிழித்தார்: உள்ளே ஓடும்வரை அது படம், வெளியே வந்தால் அது பாட்டு.

யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. தீர்ப்பு மட்டும் நடைமுறைக்கு வந்தது, அடிக்குறிப்பு அலமாரிக்குப் போனது.

போன நேரம்தான் வேடிக்கை. அடுத்த சில வருடங்களில் கேசட் வந்து ஊரெல்லாம் பரவியது. பிறகு வண்ணத் தொலைக்காட்சி, சாட்டிலைட் சேனல், பண்பலை, ரிங்டோன், காலர் டியூன், யூட்யூப். தியேட்டருக்கு வெளியே பாட்டுக்கு ஒரு தனி வாழ்க்கை, தனிச் சந்தை உருவானது. கோட்டுக்கு வெளியே இருந்த நிலம் கோட்டுக்குள் இருந்ததைவிடப் பெரிதாகிக்கொண்டே போனது. 1970களில் கையெழுத்துப் போட்ட ஒருவர் ரிங்டோன் உரிமையையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறார். அப்படி ஒன்று உலகத்தில் வரும் என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர் லதா மங்கேஷ்கர். 1960களின் தொடக்கத்திலேயே பாடகர்களுக்கும் ராயல்டி வேண்டும் என்றார். முகமது ரஃபிக்கு அதில் உடன்பாடில்லை. பாடினோம், காசு வாங்கினோம், கணக்கு முடிந்தது என்பது அவர் பார்வை. இந்த மோதலில் இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்தே பாடவில்லை. ரஃபியைப் பேராசை இல்லாத மனிதர் என்றும் லதாவைக் கறாரானவர் என்றும் பிரிப்பது சுலபம். ஆனால் ரஃபி பேசியது இன்றைய கூலியைப் பற்றி. லதா பேசியது இன்னும் வராத காலத்தைப் பற்றி. ராயல்டி என்பதே அதுதானே, எதிர்காலத்தில் ஒரு பங்கு.

நடிகர்கள் நிலைமையும் மோசம்தான். 'டார்லிங் டார்லிங்' படம் தொடர்பாகத் தேவ் ஆனந்த் தொடர்ந்த வழக்கில், படத்தில் நடித்த நடிப்பின் மீது நடிகருக்குக் காப்புரிமை எதுவும் கிடையாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1994இல் சட்டத்தைத் திருத்தியபோது நிகழ்த்துக் கலைஞர் உரிமை என்று முதன்முறையாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆனால் ஒரு தடவை படத்தில் நடிக்கவோ பாடவோ சம்மதித்துவிட்டால் இந்த உரிமை பொருந்தாது என்று அதே பிரிவின் கீழேயே எழுதிவைத்தார்கள். வலது கையால குடுத்து இடது கையால வாங்கிக்கிட்டாங்க.

2012இல்தான் விஷயம் நகர்ந்தது. 2010இல் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு மசோதா அறிமுகமானது. இரண்டு வருட இழுபறிக்குப் பிறகு மே மாதம் இரு அவைகளிலும் நிறைவேறி, 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் திருத்தத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கிருஷ்ணய்யர் கிழித்த கோடு அப்படியே அங்கே இருக்கிறது. படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் காட்டும் வருமானம் முழுக்கத் தயாரிப்பாளருக்கு. அதைத் தாண்டிய எந்தப் பயன்பாட்டிலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு ராயல்டி உண்டு. அந்தப் பங்கை அவர்களே விரும்பினாலும் எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றலாம். ஒப்பந்தம் போடும்போது இல்லாத, அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடாத எந்த ஊடகத்துக்கும் அந்த ஒப்பந்தம் செல்லாது. ரிங்டோன் கதை இனி நடக்காது. படத்தில் இடம்பெற்ற பாடகர், நடிகருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்று சேர்த்தார்கள். 2013இல் பாடகர்கள் தங்களுக்கென இஸ்ரா என்ற அமைப்பைப் பதிவுசெய்தார்கள்.

தயாரிப்பாளர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. படம் ஊத்திக்கிட்டா நஷ்டம் முழுக்க அவர் தலையில். பாடலாசிரியர் சம்பளத்தைத் திருப்பித் தரப்போவதில்லை. அப்படியிருக்க லாபத்தில் மட்டும் ஏன் பங்கு? இந்தக் கோடு பொருத்தமாக இருப்பது இங்கேதான். படத்தின் ரிஸ்க் பெரும்பாலும் தியேட்டரில் தீர்கிறது. அந்தப் பணத்தை யாரும் கேட்கவில்லை. தியேட்டருக்கு வெளியே பாட்டு சம்பாதிப்பது பாட்டின் சாமர்த்தியம். அதிலும் தயாரிப்பாளர் தரப்புக்கு அவர் பங்கு இருக்கவே இருக்கிறது.

ஆனால் கோடு புதிதென்றாலும் நிலம் பழையது. 2012க்கு முந்தைய பாடல்கள் இன்னும் பழைய தர்க்கத்தில்தான் சிக்கியிருக்கின்றன. 'மூடுபனி' (1980) படப் பாடல் ஒன்றைப் புதிய படத்தில் பயன்படுத்தும் விவகாரத்தில், உரிமை இசை நிறுவனத்திடம்தான் இருக்கிறது என்ற முதற்கட்டப் பார்வையில் 2025 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. இசையமைத்தவர் இளையராஜா. 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அவர் அனுப்பிய நோட்டீஸையும், 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்துக்கு அனுப்பியதையும் நாம் நட்பு, பணத்தாசை, கர்வம் என்ற வார்த்தைகளில்தான் பேசித் தீர்த்தோம். மீம் போட்டோம். 'குணா'வின் அந்தக் கடிதப் பாட்டை எழுதியவர் வாலி. அந்த விவாதத்தில் அவர் பெயரை எத்தனை பேர் சொன்னோம்?

சட்டத்திலேயே இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ மட்டும் பங்களித்து, தொழில் வழக்கப்படி டைட்டிலிலோ வேறெங்குமோ பெயர் போடப்படாதவரை, ராயல்டி விஷயத்தில் சட்டம் நிகழ்த்துக் கலைஞராகவே எண்ணுவதில்லை. ஆகவே டைட்டில் கார்டில் பெயர் வருவது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை, பணப் பிரச்சினையும்தான். கோரஸில் பாடிய குரல்களையும் கூட்டத்தில் ஆடியவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த அடிக்குறிப்பின் முதல் கவலையான குரல். 2024இல் வந்த 'லால் சலாம்' படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவு மூலம் ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக அவரே பொதுவில் சொன்னார். அது அவருடைய நேர்மை. அதே ஆண்டு அரிஜித் சிங்கின் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு எதிராகப் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அது ஒரு நீதிமன்றத்தின் அக்கறை. காப்புரிமைச் சட்டமோ இன்னும் பாடிய நிகழ்வைத்தான் காக்கிறது, பாடும் குரலை அல்ல. இன்று ஸ்டுடியோவில் ஒரு புதுப் பாடகர் கையெழுத்துப் போடும் தாளில் குரல் பற்றி ஒரு வரி இருக்கலாம். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும்படி அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.