கையிற் பிடித்த கருவி



கொச்சியில், மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல்லில் மாலை வேளையிற் சிறிது நேரம் நின்றால், தோப்பும்படி மீன்துறையிலிருந்து பனிக்கட்டி நீர் சொட்டச் சொட்ட வரும் லாரிகளைக் காணலாம். அவற்றை ஓட்டுவோரில் நம்மவரும் உண்டு. அவர்களுள் ஒருவர், முன்னர்ப் படகுத் தொழிலில் இருந்தவர், ஒருநாள் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். "கடலில் வயர்லெஸ்ஸில் பேசிப் பழகிவிட்டேன் ஐயா. அதைப் போன்ற ஒன்றை லாரியிலும் வைத்துக்கொண்டு, ஓட்டியபடியே பேசினால் போலீசார் பிடிப்பார்களா?" என்றார். சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பதே பிழைப்பாகக் கொண்ட நமக்கும் உடனே விடை சொல்ல இயலவில்லை.

வண்டிக்குள் கம்பியில்லாப் பேச்சைக் கொணர்ந்தோர் காவல் துறையினரே. 1928இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவலர் தம் கார்களில் வானொலி ஏற்பிகளை அமைத்தனர். காவலர் கட்டளையைக் கேட்கலாம். மறுமொழி சொல்ல வழியில்லை. 1933இல் நியூஜெர்சி மாநிலத்துப் பேயோன் நகரில் இருவழிப் பேச்சு வந்தது. அதே 1933இல் நம் நாட்டில் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டத்தின் கவலை வேறு. கருவியை வைத்திருக்க உரிமம் உண்டா என்பதே அதன் கேள்வி. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ, பொதுமக்களுக்கு ஆபத்து நேரும்படி ஓட்டினானா என்று மட்டும் கேட்டது. ஓட்டிக்கொண்டே பேசினானா என்று இரண்டும் கேட்கவில்லை. அக்கேள்வி எழக் கைப்பேசி வரவேண்டியிருந்தது.

எழுந்த இடங்களுள் ஒன்று சுள்ளிக்கல்லுக்குக் காயலின் அக்கரையில், எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர்நீதிமன்றம். காரோட்டியபடி கைப்பேசியிற் பேசிய ஒருவர்மீது, 2011ஆம் ஆண்டுக் கேரளக் காவல் சட்டத்தின் 118(இ) பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. தெரிந்தே பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் செயலைத் தண்டிப்பது அப்பிரிவு. 2018 மே மாதத்தில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, பேசியது ஒன்றினாலேயே ஆபத்து விளைந்ததெனக் கொள்ளலாகாது என்றும், அதனைக் குற்றமாக்கச் சட்டம் வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பலர் முகஞ்சுளித்தனர். நாம் அத்தீர்ப்பைக் குறைகூற மாட்டோம். வாசகத்தில் இல்லாததை வாசகத்துள் ஏற்றிப் படிப்பது மொழிபெயர்ப்பாளனுக்கும் ஆகாத செயல்.

அடுத்த ஆண்டே வாசகம் வந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில், ஆபத்தாக ஓட்டுதல் இன்னதென விளக்கிற்று. சிவப்பு விளக்கை மீறுதல் முதலியவற்றோடு, ஓட்டும்போது 'கையிற் பிடித்த தகவல் தொடர்புக் கருவி'யைப் பயன்படுத்துதலும் அதில் இடம்பெற்றது. முதற்குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2020 அக்டோபர் முதல், கவனம் கலையாவண்ணம் வழியறிவதற்கு மட்டும் அக்கருவியைப் பயன்படுத்தலாம் என்று விதியும் வந்தது.

அவ்விளக்கத்தில் கைப்பேசி என்ற சொல்லே இல்லை என்பதை நேயர்கள் கருத வேண்டும். இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் தடுமாறுவான். 'கையடக்கக் கருவி' என்று எழுதுவோமாயின், கைக்குள் அடங்கும் அளவுள்ள கருவி என்றாகும். கையில் எடுக்காமல் தாங்கியிற் பொருத்திய கைப்பேசியும் அதனுள் அகப்படும். 'கையிற் பிடித்த கருவி' என்றால் பிடித்தலே குற்றத்தின் உயிர். ஒரு சொல்லில் ஓர் ஓட்டுநரின் ஐயாயிரம் ரூபாய் தொங்குகிறது. நாம் இரண்டாவதையே தேர்ந்தோம்.

அங்ஙனமாயின் வாக்கி டாக்கியைக் கையில் ஏந்திப் பேசும் ஓட்டுநர் ஐயமின்றி அகப்படுவார். அது 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமமின்றி வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட சிறு கருவியாயினும் ஒன்றே. வைத்திருக்க அனுமதி வேறு, ஓட்டும்போது பேச அனுமதி வேறு. பிரிட்டனில் நிலைமை நேர்மாறானது. 2003 டிசம்பரில் அங்குக் கைப்பேசியைத் தடுத்த விதி, இருவழி வானொலியை வெளிப்படையாக விலக்கி வைத்தது. 2022இல் விதியை இறுக்கியபோதும் அவ்விலக்கு நீடித்தது. நம் 184ஆம் பிரிவில் அத்தகைய விலக்கு இல்லை.

கருவி வண்டியிற் பொருத்தப்பட்டு, சுருள்கம்பி மாட்டிய ஒலிவாங்கி மட்டும் கையில் இருந்தால் என்ன? வழக்கறிஞர் இருபுறமும் வாதிடலாம். ஆயினும் தப்பிவிட்டோம் என்று எண்ணற்க. தேர்ந்த, கவனமுள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கும் நிலைக்கு மிகத் தாழ்ந்து ஓட்டுவதும் ஆபத்தாக ஓட்டுதலே என அதே விளக்கம் முடிகிறது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டவர், "பக்கத்தில் இருக்கும் கிளீனர் பேசினால்?" என்றார். சட்டம் ஓட்டுபவனைப் பற்றியே பேசுகிறது என்றோம். மறுவாரம் சுள்ளிக்கல்லில் அவருடைய லாரியைக் கண்டோம். கருவி கிளீனர்ப் பையனின் மடியில் இருந்தது.