நெசவூர்க் கிளப்பில் ஓர் இந்திய ஆட்டக்காரர்

ஜூபிலி மலர் என்றால் ஆலயம் எழுந்த வரலாறும், பங்கில் பணியாற்றிய குருக்களின் வரிசையும், கொடிமரத்துக்குக் கொடையளித்தோர் பெயர்களும் இடம்பெறுவது வழக்கம். அவை இம்மலரில் வேறு பக்கங்களில் வந்துள்ளன. கால்பந்தாட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை இங்கு ஏன் என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். கோடையில் ஏரி வற்றியதும் அதன் நடுவே மூங்கில் கழி நட்டு, பொழுது சாயும்வரை பந்தாடுகிறவர்கள் நம் பங்கு இளைஞர்கள். "பந்தை உதைத்தால் சோறு வருமா?" என்று பெற்றோர் கேட்பதும், பிள்ளைகள் பதில் சொல்லாமல் நழுவுவதும் நம் ஊர்களில் புதிதல்ல. ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் புகழின் உச்சியிலிருந்தபோது தானாகவே கீழ்ப்பிரிவுக்குப் போய் உழைத்த வரலாறு ஒன்று உண்டு. இரு தரப்பாரும் அதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் மாநகருக்கு வடக்கே சில மைல் தொலைவில் ஒரு பஞ்சாலை நகரம் இருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்தால் 'பரி' என்று வரும்; ஊரார் 'பெரி' என்றே சொல்லுகிறார்கள். காஞ்சிபுரத்துத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வூரோடு ஒரு பழைய உறவு உண்டு. கையால் எறிந்து வந்த நாடாவை, கயிற்றைச் சுண்டினால் தானே ஓடும்படி 1733ல் செய்த ஜான் கே என்பவர் இவ்வூர்ப் பக்கத்துக்காரர். அந்த நாடாவும் பின்னர் வந்த நீராவித் தறியும் அவ்வட்டாரத்தைச் செல்வத்தில் ஆழ்த்தின. அங்கு நெய்த மலிவுத் துணி கப்பலேறி வந்து நம் நெசவாளரின் வயிற்றில் அடித்தது வேறு கதை. அதை எழுதப் புகுந்தால் இம்மலர் போதாது.

ஆலைத் தொழிலாளர் நிறைந்த அவ்வூரில் 1885ல் ஒரு கால்பந்துக் கிளப் தோன்றியது. ஆட்டத்திடலின் பெயர் கிக் லேன். 1900லும் 1903லும் இங்கிலாந்தின் புகழ்பெற்ற எஃப்.ஏ. கோப்பையை இது வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டெர்பி கவுண்டியை 6-0 என்று தோற்கடித்தது. அக்கோப்பையின் இறுதியாட்டத்தில் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வேறெந்த அணியும் 116 ஆண்டுகள் வென்றதில்லை. 2019ல்தான் மான்செஸ்டர் சிட்டி அதற்குச் சமமாக அடித்தது. இவ்வளவு பெருமையும் பழங்கணக்கு. பிற்காலத்தில் அது கீழ்ப்பிரிவுகளில் ஏறியும் இறங்கியும் காலம் தள்ளிய சிறிய கிளப்பே.

அந்நாட்டு லீக் அமைப்பை ஓர் ஏணி என்று வைத்துக்கொள்ளலாம். 1999ல் நான்கு படிகளில் 92 கிளப்புகள் இருந்தன. மேற்படியில் 20, கீழுள்ள மூன்றிலும் படிக்கு 24. கீழ்ப்படிக்காரர்கள் ஒரு பருவத்தில் 46 லீக் ஆட்டம் ஆட வேண்டும். மழையும் சேறும் குளிரும் பாராமல், சில வாரங்களில் இரண்டு ஆட்டம். தேறினால் மேலே, தேறாவிட்டால் கீழே.

1998-99 பருவத்தில் பெரி கிளப் இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்குச் சரிந்தது. சரிந்த விதம் சுவையானது. அதுவும் போர்ட் வேல் கிளப்பும் சமமாக 47 புள்ளிகள் பெற்றிருந்தன. வாங்கிய கோல்களைக் கழித்துப் பார்த்தால் பெரியின் கணக்கே மேல். ஆனால் அப்போதிருந்த விதி, யார் அதிக கோல் அடித்தார் என்பதை மட்டுமே பார்த்தது. 46 ஆட்டத்தில் பெரி அடித்தது வெறும் 35. தடுக்கத் தெரிந்தவர்கள், அடிக்கத் தெரியாமல் இறங்கினார்கள். கோல் அடிக்கும் ஆள் ஒருவர் அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்.

அவர்கள் கண்டெடுத்தவர் பைச்சுங் பூட்டியா. 1976 டிசம்பர் 15ல் சிக்கிம் மலைநாட்டில் டிங்கிடாம் என்னும் சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதிலேயே, 1993ல், கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். 1995ல் பஞ்சாபின் பக்வாரா நகரிலிருந்த ஜே.சி.டி. அணிக்குப் போனார். அதுவும் ஒரு பஞ்சாலை நடத்திய அணிதான்! நாட்டின் முதல் தேசிய லீக் 1996-97ல் நடந்தபோது கோப்பை ஜே.சி.டி.க்குப் போயிற்று, அதிக கோல் அடித்தவர் பைச்சுங். 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், மீண்டும் ஈஸ்ட் பெங்காலுக்காக ஆடி, பரம எதிரியான மோகன் பகானுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். சால்ட் லேக் அரங்கில் அன்று கூடியிருந்தோர் 1,30,000க்கும் மேல். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது. 22 வயதுக்குள் ஓர் ஆட்டக்காரர் இந்தியாவில் அடையக்கூடியது அனைத்தையும் அவர் அடைந்துவிட்டார் என்று சொல்லலாம்.

அத்தகையவர் கீழே இறங்குவதற்கு ஏன் கப்பலேற வேண்டும்? ஃபுல்ஹாம், வெஸ்ட் பிராம்விச், ஆஸ்டன் வில்லா ஆகிய கிளப்புகளில் சோதனைக்கு ஆடிப் பார்த்தார்; ஒன்றும் கைகூடவில்லை. கதவு திறந்தது மூன்றாம் படியிலிருந்த பெரி மட்டுமே. ஊருக்குத் திரும்பி மாலைமரியாதை வாங்கிக்கொண்டிருந்திருக்கலாம். அவர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஐரோப்பியக் கிளப் ஒன்றோடு அவ்வாறு ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர் அவரே.

அவருக்கு முன் ஐரோப்பாவில் ஆடியவர் ஒருவர் உண்டு. கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் முகமது சலீம் 1936ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்காக, பூட்ஸ் இல்லாமல் பாதத்தில் துணிக்கட்டோடு ஆடினார். அங்கே தங்கச் சொன்னார்கள். அவர் ஊர் நினைவு வாட்ட, சில ஆட்டங்களோடு திரும்பிவிட்டார். வெறுங்காலில் ஏரி மண்ணில் ஆடும் நம் பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போகும். ஆனால் அவர் விருந்தாளியாகப் போனவர். பைச்சுங் கூலிக்கு உழைக்கப் போனவர். வேறுபாடு அதில்தான் இருக்கிறது.

விசா கிடைக்கத் தாமதமாகி, 1999 அக்டோபர் 3ல் கார்டிஃப் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில்தான் களமிறங்கினார், அதுவும் மாற்று ஆட்டக்காரராக. அவர் உதைத்த பந்து சக ஆட்டக்காரர் ஒருவர் மேல் பட்டு வலைக்குள் போயிற்று. அணிக்குக் கோல், அவர் கணக்கில் ஏறவில்லை. கணக்கில் ஏறிய முதல் கோலுக்கு அவர் 2000 ஏப்ரல் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று செஸ்டர்ஃபீல்டுக்கு எதிராக அடித்தார். ஆறு மாதத்துக்கு மேல்! கல்கத்தாவில் ஒரு மாலையில் மூன்று கோல் அடித்த அதே கால்கள்தாம். அந்நாளைய கீழ்ப்பிரிவு ஆட்டத்தில் பந்து தரையில் உருளுவதைவிட ஆகாயத்தில் பறப்பதே அதிகம். தோளால் இடித்துத் தள்ளும் ஆறடித் தடுப்பாளர்களிடையே, காலடியில் பந்தை வாங்கித் திரும்புகிறவருக்கு இடம் குறைவு. அவரை வாங்கிய மேலாளர் நீல் வார்னாக்கும் அந்த டிசம்பரிலேயே வேறு கிளப்புக்குப் போய்விட்டார். புதிய முதலாளியிடம் பழைய சான்றிதழ் செல்லாது என்பது ஒப்பந்தத் தொழிலாளி ஒவ்வொருவரும் அறிந்ததே. ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு வேன் ஏறிப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முழங்கால் காயம் வந்தது. கடைசிப் பருவத்தில் மூன்றே ஆட்டம். அதே 2001-02ல் பெரி கிளப் கடனில் மூழ்கி, நிர்வாகம் கைமாறி, நான்காம் படிக்கும் இறங்கியது. மூன்று பருவத்தில் பைச்சுங்கின் லீக் கணக்கு 37 ஆட்டம், 3 கோல்.

இந்த எண்களைக் காட்டி அவர் தோற்றுத் திரும்பினார் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கீழ்ப்பிரிவு என்றால் கீழானவர்களின் இடம் என்ற எண்ணமே முதலில் தவறு. இங்கிலாந்து லீக் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் ஆர்தர் ரௌலி. 619 ஆட்டத்தில் 434 கோல். அவற்றில் 152 கோல்களை ஷ்ரூஸ்பரி என்னும் சிறு நகரத்துக் கிளப்புக்காக அடித்தார். இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு ஒருமுறைகூட அவரை அழைத்ததில்லை. அவருடைய எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அவர் பெயரைச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அத்தகைய உழைப்பாளிகள் நிறைந்த களத்தில், பெயரைக் காட்டிச் சலுகை கேட்காமல் மூன்று ஆண்டு நின்றதே பெரிது என்பது என் எண்ணம்.

திரும்பியதும் மோகன் பகானில் ஒரு பருவம். அதிலும் பெரும்பகுதி காயத்திலேயே கழிந்தது. அவர் காலம் முடிந்தது என்றே பலர் பேசினர். பிறகு 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பை. ஈஸ்ட் பெங்கால் அணிக்காக அவர் அப்போட்டியில் அடித்தது 9 கோல். பிலிப்பைன்ஸ் ராணுவ அணிக்கு எதிராக மட்டும் ஆறு. இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவை 3-1 என்று வென்றார்கள். அது அதே ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் லீகின் இறுதியாட்டம் வரை சென்ற அணி. வெளிநாட்டு மண்ணில் ஓர் இந்தியக் கிளப் பெற்ற வெற்றிகளில் இதை முதல் வரிசையில் வைக்க வேண்டும்.

அந்த ஈஸ்ட் பெங்கால் அணியில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவரும் இருந்தார்: தஞ்சாவூர்க்காரரான காலியா குலோத்துங்கன், நடுக்கள ஆட்டக்காரர். மோகன் பகானுக்கும் ஆடியவர். கிளப் மாறிக் கிளப் மாறி, ஊரைவிட்டு வெகுதொலைவில் பிழைத்த ஆட்டக்காரர்களில் ஒருவர். கல்கத்தா ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூவியிருக்கிறார்கள். நம் மாநிலத்தில் அவர் தெருவில் நடந்தால் திரும்பிப் பார்த்தவர் குறைவு. 2018 அக்டோபரில் தஞ்சாவூரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். வயது நாற்பதையொட்டி. அந்தச் செய்திக்குக் கல்கத்தாப் பத்திரிகைகள் கொடுத்த இடத்தைப் பார்த்த பிறகுதான் நம்மவர் பலர் அவர் யாரென்று விசாரித்தார்கள்.

பைச்சுங்குக்கு 2008ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2012 ஜனவரி 10ல் டில்லியில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணிக்கு எதிராக விடைபெறும் ஆட்டம். இந்தியா 0-4 என்று தோற்றது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆட்டக்காரர் நல்லபடியாகக் கரையேறினார். அவர் ஆடிய அணிகளுக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை. பஞ்சாலைக்காரர்களின் ஜே.சி.டி. அணி 2011ல் கலைக்கப்பட்டது. பெரி கிளப்போ 2019ல் மூன்றாம் படிக்கு ஏறும் தகுதி பெற்ற அதே வேளையில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி வைத்திருந்தது. கையில் பணமிருக்கிறது என்று உரிமையாளரால் லீகுக்குக் கணக்குக் காட்ட முடியவில்லை. 1894 முதல் இருந்த லீகிலிருந்து அவ்வாண்டு ஆகஸ்ட் 27ல் அது வெளியேற்றப்பட்டது. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு இங்கு நினைவுக்கு வருகிறது. பராந்தக சோழன் காலத்தில், 921ல், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்று வெட்டிவைத்தார்கள். கிளப் நடத்துவோர் யாரேனும் இந்தப் பக்கம் வந்தால் அக்கல்லைக் காட்டி அனுப்பலாம்.

ஊரார் சும்மா இருக்கவில்லை. ரசிகர்கள் தாங்களே கூடி ஓர் அணி அமைத்து, ஏணியின் அடிப்படிகளில் ஆடத் தொடங்கினர். பூட்டிக் கிடந்த கிக் லேன் திடல் மீட்கப்பட்டு, 2023ல் பழைய பெயரோடு பெரி கிளப் அங்கே மீண்டும் ஆடியது. அது ஒன்பதாம் படி. பைச்சுங் ஆடியதற்கு ஆறு படி கீழே.