மெழுகுவத்தி சொன்ன பாடம்



தேங்காய் எண்ணெய் எவ்வகைப் பொருள் என்று தொடக்கப்பள்ளி மாணவனைக் கேட்டால், "திரவப் பொருள்" என்று தயங்காமல் சொல்வான். சரியான விடைதான். ஆனால் அதே எண்ணெய்ப் புட்டியைக் கேமரன் மலைக்குக் கொண்டுபோய் ஓர் இரவு வைத்தால், காலையில் வெள்ளையாக உறைந்திருக்கும். கவிழ்த்தாலும் ஒழுகாது. இப்போது மாணவன் என்ன சொல்வான்? எண்ணெய் மாறிவிட்டதா? அவன் படித்த பாடம் பொய்யாகிவிட்டதா?

இரண்டும் இல்லை. திடம், திரவம், வாயு என்பவை பொருள்களுக்குப் பிறவியிலேயே ஒட்டிய பெயர்கள் அல்ல. வெப்பமும் அழுத்தமும் மாறும்போது ஒரே பொருள் அடையும் நிலைகள் அவை. இந்த உண்மையைச் சிறுவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்ன ஒருவரின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

மைக்கேல் பாரடே 1791ஆம் ஆண்டில் இலண்டன் அருகே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றதோடு நின்றுவிட்டது. 14 வயதில் புத்தகம் கட்டும் கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் படிக்கவும் செய்தார். அவற்றுள் ஒன்று, வேதியியலைப் பற்றிய உரையாடல் நூல். ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவியரும் கேள்வி கேட்டும் விடை சொல்லியும் பாடத்தை வளர்த்துச் செல்லும் நூல் அது.

அதை எழுதியவர் ஜேன் மார்செட் என்ற பெண்மணி. இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிஞர் ஹம்பிரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டபோது அவருக்கும் பல செய்திகள் விளங்கவில்லை. நண்பர் ஒருவரோடு பேசிப் பேசித்தான் தெளிவு பெற்றார். தமக்குத் தெளிவு வந்த வழியிலேயே பிறருக்கும் எழுதினார். நூலின் முதற்பதிப்பில் அவர் பெயர்கூட இல்லை. ஆயினும், தம்மை அறிவியலுக்கு அழைத்துவந்த நூல்களுள் ஒன்றாக அதைப் பாரடே பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். எளிமையாகச் சொல்லித் தருவது சின்ன வேலை என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்.

1812ஆம் ஆண்டில் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு பாரடேக்குக் கிடைத்தது. கேட்டவற்றையெல்லாம் குறிப்பெடுத்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் ஆனார்.

1823ஆம் ஆண்டில் ஒரு நாள், மூடிய கண்ணாடிக் குழாய் ஒன்றுக்குள் குளோரின் அடங்கிய பனிக்கட்டி போன்ற பொருளை வைத்துச் சூடாக்கினார் பாரடே. பார்க்க வந்த நண்பர், குழாயில் எண்ணெய்த் துளிகள் இருப்பதைக் கண்டு, அழுக்கான குழாயில் சோதனை செய்கிறாரே என்று கேலி செய்தார். பாரடே குழாயின் நுனியை அறுத்தார்; அது வெடித்தது; எண்ணெயும் மறைந்தது! தம் சொந்த அழுத்தத்தினாலேயே நெருக்குண்டு திரவமாகியிருந்த குளோரின் வாயுதான் அந்த "எண்ணெய்" என்று மறுநாள் அந்த நண்பருக்கு எழுதி அனுப்பினார்.

பின்னர் அவர் பல வாயுக்களைத் திரவமாக்கினார். ஆனால் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் முதலிய ஆறு வாயுக்கள், 1845ஆம் ஆண்டுவரை அவர் செய்த எந்த முயற்சிக்கும் மசியவில்லை. ஆகவே அவற்றுக்கு "நிலைத்த வாயுக்கள்" என்ற பெயர் வழங்கலாயிற்று. 1877ஆம் ஆண்டில் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் ஆக்சிஜன் திரவத் துளிகளாகப் படிந்தது. 1898ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டூவர், பாரடே உழைத்த அதே நிலையத்தில் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். பாரடேயின் காலத்துக்குப் பிறகு கண்டறியப்பட்ட ஹீலியமும் 1908ஆம் ஆண்டில் ஹாலந்தின் லைடன் நகரில் திரவமாயிற்று. "நிலைத்த" என்ற சொல் நிலைக்கவில்லை. போதிய குளிரும் தக்க அழுத்தமும் கிடைக்காததே குறை. பெயரை விடையென நம்பினால் பெரியவர்களே ஏமாறுவார்கள், குழந்தைகள் எம்மாத்திரம்?

இனி மெழுகுவத்திக்கு வருவோம். ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளைஞர்களுக்கான சொற்பொழிவுகள் 1825ஆம் ஆண்டில் தொடங்கின. பாரடே பத்தொன்பது முறை அவற்றை நடத்தினார். 1848ஆம் ஆண்டிலும், மீண்டும் 1860ஆம் ஆண்டிலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சாதாரண மெழுகுவத்தி. இரண்டாம் முறை ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளையும் வில்லியம் குரூக்ஸ் 1861ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

மெழுகுவத்தியில் அப்படி என்ன இருக்கிறது? கீழே இருப்பது திடமான மெழுகு. சுடரின் சூட்டில் உருகித் திரியைச் சுற்றிக் குளம்போல் நிற்பது திரவம். அது திரிவழியே ஏறி ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. சுடரை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையருகே தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே தீ தாவிப் பற்றிக்கொள்ளும். இரண்டு அங்குலத்துக்குள் மூன்று நிலைகளும் ஒருங்கே தெரிகின்றன. அதே சொற்பொழிவுகளில், நீரை நிரப்பி மூடிய இரும்புக் குப்பி ஒன்றைக் குளிரவைத்து, உறையும் நீர் அதை உடைப்பதையும் பாரடே காட்டினார். நீராவியின் குளிர்ச்சியால் தகரப் பாத்திரம் நசுங்குவதையும் காட்டினார். பிள்ளைகள் முதலில் கண்டார்கள். பெயர்கள் பின்னால் வந்தன.

நம் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. முதல் நாளே கரும்பலகையில் மூன்று தலைப்புகளைப் போட்டுப் பட்டியல் எழுதச் சொல்ல வேண்டாம். ஒரு தட்டில் பனிக்கட்டியை வைப்போம். உருகும்வரை பார்க்கச் சொல்வோம். அடுப்பில் வைத்த கெட்டிலின் ஆவிக்கு நேரே குளிர்ந்த கரண்டியைப் பிடித்துக் காட்டுவோம். தீயையும் கொதிநீரையும் பெரியவர்களே கையாள வேண்டும். "எங்கே போயிற்று? எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்போம். மணல் கொட்டுகிறதே, அது திரவமா என்று ஒரு குழந்தை கேட்டால் அதட்டி உட்கார வைக்காமல், ஒரே ஒரு மணலைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வோம்.

அப்படிக் கேட்கும் பிள்ளை தோட்டப்புறத்துப் பிள்ளையாக இருக்கலாம். கொல்லன் மகனாகவும் இருக்கலாம். நாம் அதட்டினால் அந்தக் கேள்வி அன்றே உறைந்துபோகும். பொறுமையோடு பதில் சொன்னால், அது எவ்வளவு தொலைவு போகும் என்பதற்குப் பாரடேயின் வாழ்வே சான்று.