ரப்பரோடு வந்த கெடு

ஓடும் காரில் பிரேக் லைனிங்தான் தேய்கிறது. இருபது ஆண்டு ஷெட்டில் நின்ற காரிலோ லைனிங் தேயாமலே பிரேக் முழுவதும் பாழாகியிருக்கும். மாஸ்டர் சிலிண்டரில் துரு, வீல் சிலிண்டரில் இறுகிப்போன பிஸ்டன், வெடித்த ரப்பர் கப், உட்புறம் உப்பி அடைத்துக்கொண்ட ஹோஸ் என்று எதைக் கழற்றினாலும் ஒரு கேடு. பராமரிக்காததால் வந்தது என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. ஹைட்ராலிக் பிரேக் உருவான விதத்திலேயே இந்தக் கேட்டுக்கு வித்து இருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தால், பழைய காரில் எதைக் காப்பது, எதைத் தூக்கி எறிவது என்பதில் குழப்பம் இருக்காது.

தொடக்ககாலக் கார்களில் பிரேக்கை இழுத்தவை கம்பியும் கேபிளும். ஒரு கம்பி சற்றுத் தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைக் கொண்டு இதைத் தீர்க்க முயன்றவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். 1921இல் வந்த டூசன்பர்க் மாடல் ஏ காரின் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. ஆனால் லாக்ஹீட் முறையில் திரவத்தைத் தடுத்து நிறுத்தியது தோலால் ஆன கப், அது கசிந்தது. 1924இல் தன் முதல் காரைக் கொண்டுவந்த கிரைஸ்லர், தோலை நீக்கி ரப்பரை வைத்தது. கசிவு அடங்கியது, நடுத்தர விலைக் காருக்கும் நல்ல பிரேக் கிடைத்தது. ஆனால் ரப்பருக்கு ஆயுள் உண்டு. மினரல் ஆயில் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிவிடும் என்பதால், நாம் விளக்கெண்ணெய் என்று சொல்லும் ஆமணக்கு எண்ணெயை ஆல்கஹாலில் கலந்து ஊற்றினார்கள். பின்னர் வந்த கிளைக்கால் வகை பிரேக் ஆயில் ரப்பரைக் கெடுக்கவில்லை. ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சியது. டாட் 3 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறியபின் 140 டிகிரி இருந்தாலே போதும் என்கிறது அதே தர விதி. நின்ற காரில் அந்த ஈரம்தான் சிலிண்டர் சுவரைக் குழி குழியாக அரிக்கிறது.

அப்படியானால் கம்பி பிரேக்கே மேல் அல்லவா என்று கேட்கலாம். ஃபோர்டு அப்படித்தான் வாதாடியது. மிதி முதல் சக்கரம் வரை இரும்பே என்று பெருமையாக விளம்பரமும் செய்தது. 1939 மாடலில் அதுவும் ஹைட்ராலிக் முறைக்கு மாறிவிட்டது. ஈரத்தை உறிஞ்சாத சிலிகோன் ஆயிலை ஊற்றினால் தொல்லை தீரும் என்பார் சிலர். ஆனால் உள்ளே புகும் நீர் அதில் கலக்காமல் தாழ்ந்த இடத்தில் தேங்கி, அங்கேயே துருவேற்றும். இன்னும் வலுவான மறுப்பு, பழமையைப் போற்றுவோருடையது: பாகங்களை மாற்றினால் கார் அசலாக இருக்குமா? டிரம்மும் சிலிண்டர் வார்ப்பும் மிதியின் அமைப்பும் அசலானவை, அவற்றைக் காக்கத்தான் வேண்டும். கப்பும் ஹோஸும் ஆயிலும் மாற்றப்படுவதற்கென்றே அன்றும் செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே விட்டுவைப்பது, அந்தக் காரை வடிவமைத்தவரின் எண்ணத்துக்கே எதிரானது.

பழைய ஆயிலை வடித்து, புதியதை ஊற்றி, ஏர் எடுத்துவிட்டால் போதாதா? போதாது. மாரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றி வந்த ஆரம்பகால அம்பாசடர் உட்பட, அந்நாளைய பெரும்பாலான கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதைதான். ஒரு கப் கிழிந்தால் மிதி தரைவரை இறங்கிவிடும். எனவே எஞ்சினைத் தொடுவதற்கு முன் நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்; அந்தக் காலத்து லைனிங்கில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ்.