உஷ்ணத்தை நம்பிய சிகிச்சை

திருகோணமலைப் பட்டினத்துக்கு வடமேற்கே, வெவ்வேறு சூட்டில் ஊறும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் மொண்டு வார்த்துக்கொண்டு, மூட்டுவலி இறங்கிற்றென்று சொல்லும் முதியவர்களை இப்பகுதியார் நன்கறிவர். நோவு கண்ட இடத்தில் ஒத்தடம் கொடுப்பதும் எங்கள் வீடுகளில் வழக்கமே. உஷ்ணத்தின்மீது நாம் வைத்த இந்த விசுவாசத்தை, நவீன வைத்திய சாஸ்திரமும் ஒரு காலத்தில் இருதயத்தின் நாடிகளுக்குள்ளேயே பரீட்சித்துப் பார்த்தது என்பது நம்மவருள் அநேகர் அறியாத சரித்திரம்.

அச்சரித்திரம் சூடற்ற ஒரு பலூனில் தொடங்குகிறது. 1977 செப்டம்பர் 16ஆம் நாள், சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் என்னும் வைத்தியர், தம் வீட்டுச் சமையலறை மேசையில் ஒட்டியும் கட்டியும் உருவாக்கி வளர்த்த பலூன் முறையை 38 வயது நோயாளி ஒருவரின் இருதயத்துக்குக் குருதி ஊட்டும் முடியுரு நாடியில் பிரயோகித்து, நெஞ்சைத் திறவாமலே அடைப்பை விரித்தார். அவரிடம் பயின்ற மத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் சென்னையில் அதைச் செய்தபோது, அச்சிகிச்சை பாக்குநீரிணையின் அக்கரைவரை வந்துவிட்டது.

ஆயினும் விரித்த நாடியின் உட்படலம் சிலவேளை கிழிந்து, அக்கிழிசலே வழியை மறித்துவிடும். தப்பியவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் நாடி மீண்டும் ஒடுங்கும். இவ்விரண்டையும் வெப்பத்தால் வெல்லலாமென்று கருதி, 1980களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்பியர்ஸ் அமைத்த கருவி மிக நுட்பமானது. பலூனின் நடுவே ஓடும் கண்ணாடியிழையிலிருந்து லேசர் ஒளி நாற்புறமும் சிதற, ஊதிய பலூன் சுவரை அழுத்திப் பிடித்திருக்க, சுமார் 20 விநாடி நேரம் நாடிச் சுவர் கொதிநீரின் சூட்டளவுக்குக் காயும். கிழிந்த படலம் சுவரோடு ஒட்டும். மீளச் சுருங்கும் இயல்பும் தளரும். வேறு சிலர் லேசருக்குப் பதிலாக வானொலி அலைகளைக் கொண்டு சூடேற்றினர்.

கிழிந்து மூடிய நாடிகளை அந்தக் கணத்தில் திறந்துவைக்க இம்முறை உதவியது மெய்யே. மாதங்கள் சென்றபின்னரோ, சூடுபட்ட சுவர் தன் புண்ணை ஆற்ற முனைந்து தசைக் கலங்களைப் பெருக்கியதனால், மீண்டும் ஒடுங்குதல் குறையவேயில்லை. இதை வெறும் தோல்வியென்று எழுதிவைப்பது அநியாயம் என்பது என் துணிபு. நாடியின் சுவர் உயிருள்ளது, பட்ட காயத்துக்குப் பதில் செய்வது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய பரீட்சைகள் சிலவே.

1986 மார்ச்சில் துலூஸ் நகரில் ஜாக் புவெல் முதன்முதல் மனித முடியுரு நாடியில் வைத்த ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாய், கிழிசலையும் சுருக்கத்தையும் சூடின்றியே தாங்கிக்கொண்டதனால், 1990களில் அது பரவப் பரவ வெப்பப் பலூன் வழக்கொழிந்தது. இங்கிருந்து கொழும்புக்குச் செல்லும் நோயாளிக்கு இன்று பொருத்தும் ஸ்டென்டின்மேல் பூசியுள்ள மருந்து, அன்று உஷ்ணம் கிளறிவிட்ட அதே தசைக் கலங்களின் பெருக்கத்தை அடக்குவதற்கே சேர்க்கப்பட்டதாகும்.