கருவின் நரம்பு மண்டலமும் கண்ணும்: முதல் எட்டு வாரங்கள்

மூளை, தண்டுவடம் ஆகியவற்றின் அடித்தளம் கருத்தரித்த 28 நாட்களுக்குள் அமைந்துவிடுகிறது. தாம் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அறிவதற்கு முன்பே இக்கட்டம் முடிந்துவிடும். எனவே, குழந்தையின் நரம்பு மண்டலத்திற்கான பாதுகாப்பு கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

இங்குள்ள நாட்களும் வாரங்களும் கருத்தரித்த நாளிலிருந்து கணக்கிடப்பட்டவை. மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடுவதால், அக்கணக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும்.

நரம்புக் குழாய் உருவாதல்

மூன்றாம் வாரத்தில் கருவின் முதுகுப்புறத்தில் மேலடுக்குத் திசு தடித்து, நரம்புத் தட்டாகிறது. அதன் இரு விளிம்புகளும் உயர்ந்து, 22ஆம் நாளளவில் ஒன்றோடொன்று இணையத் தொடங்குகின்றன. இவ்வாறு தட்டு குழாயாகிறது. தலைப்பக்கத் திறப்பு 25ஆம் நாளளவிலும், கீழ்ப்பக்கத் திறப்பு 28ஆம் நாளளவிலும் மூடுகின்றன. குழாயின் மேற்பகுதி மூளையாகவும், எஞ்சிய பகுதி தண்டுவடமாகவும் வளர்கின்றன.

தலைப்பக்கம் மூடாவிடில் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாவதில்லை, அக்குழந்தைகள் பிழைப்பதில்லை. கீழ்ப்பகுதி மூடாவிடில் முதுகெலும்புப் பிளவு ஏற்படுகிறது. அதனால் கால்கள் வலுவிழக்கலாம். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குறையலாம்.

கண் உருவாதல்

நரம்புக் குழாய் முழுவதும் மூடுவதற்கு முன்பே, மூளையாக வளரும் பகுதியின் இருபுறமும் இரு சிறு குழிகள் தோன்றுகின்றன. இவை வெளிநோக்கிப் புடைத்து, மேற்புறத் திசுவை நெருங்குகின்றன. அவ்விடத்தில் மேற்புறத் திசு தடித்து, உள்மடிந்து, கண் வில்லையாகிறது. புடைப்போ கிண்ணம்போலக் குழிந்து விழித்திரையாகிறது. ஆகவே, விழித்திரை மூளைத் திசுவின் நீட்சியே ஆகும்.

கிண்ணத்தின் அடியிலுள்ள பிளவு ஏழாம் வாரத்திற்குள் மூட வேண்டும். மூடாவிடில் 'கோலோபோமா' எனும் குறைபாடு உண்டாகிறது. அது கருவிழிப்படலத்தில் இருந்தால் கண்பாவை சாவித்துவாரம் போலத் தோன்றும்; விழித்திரையைப் பாதித்தால் பார்வை குறையும்.

செய்ய வேண்டியவை

• கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே தொடங்கி, முதல் மூன்று மாதங்கள் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும்.

• முந்தைய கருவில் நரம்புக் குழாய்க் குறைபாடு இருந்திருப்பின், உயர் அளவு ஃபோலிக் அமிலம் தேவைப்படும். இத்தகைய பெண்களிடம் நடத்தப்பட்டு 1991இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே நாள்தோறும் 4 மில்லிகிராம் உட்கொண்டவர்களிடையே குறைபாடு மீண்டும் ஏற்படுவது 72 விழுக்காடு குறைந்தது. உரிய அளவை மருத்துவரே முடிவு செய்வார்.

• வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் உட்கொள்பவர்கள் கருத்தரிக்கும் முன் மருத்துவரை அணுக வேண்டும். இம்மருந்து குறைபாட்டின் வாய்ப்பை மிகுவிக்கும்; எனினும், தாமாக நிறுத்துதல் ஆபத்தானது.

• நீரிழிவு உள்ளவர்கள் கருத்தரிப்பதற்கு முன்பே இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

• கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ருபெல்லா தொற்றினால் குழந்தைக்குக் கண்புரை, காதுகேளாமை, இதயக் குறைபாடு ஏற்படலாம். தடுப்பூசியைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னரே செலுத்திக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் செலுத்தக் கூடாது.

கர்ப்பம் உறுதியான பின்னர் ஃபோலிக் அமிலம் தொடங்குவோரும் தயங்காமல் உடனே தொடங்கலாம். மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்.